மிதித்துப் பார்க்கும் அக்கா

எங்கள் வீட்டைக் கட்டி முடித்த வாரம் அவர் பார்க்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். கூடத்தின் நடுவில் வந்து நின்று, வலது குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டினார். பிறகு சமையலறைக்குப் போய் அங்கேயும் இரண்டு. கூடத்தில் தரை போட்டவன் நல்லவன், சமையலறையில் போட்டவன் ஏமாற்றிவிட்டான் என்றார். இரண்டும் ஒரே மேஸ்திரிதான். என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி கொடுத்தாள். அடுத்த மழைக்குச் சமையலறைத் தரை வெடித்தபோது அவளுக்கு மேஸ்திரி மேல் கோபம் வரவில்லை. அந்தம்மா மிதித்ததால்தான் வெடித்தது என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அவரைவிட மூத்தவர்கள்கூட எங்கள் உப்பள வரிசையில் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மரக்காணம் உப்பளத்தில் என் பாத்திகளுக்கு அடுத்தவை அவருடையவை. இடையில் ஒரே ஒரு வரப்பு. அதை அவர் வருஷத்துக்கு ஒரு சாண் என் பக்கம் தள்ளுகிறார் என்று நானும், மழை தள்ளுகிறது என்று அவரும் சொல்லி, இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சே இல்லை. சரியாகச் சொன்னால் நான்தான் பேசவில்லை. அவர் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டேதான் இருந்தார்.

உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தியை மிதிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் கடல்தண்ணீரும் வெயிலும் இருந்தால் உப்பு தானாக விளைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் களிமண் தரையை நனைத்து, ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் நின்று, காலைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மிதித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதியாவது விழ வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள் மிதித்தால்தான் தரை இறுகும், விட்ட தண்ணீரைக் குடிக்காமல் வைத்திருக்கும். அவசரப்பட்டுத் தண்ணீர் விட்டால் எல்லாம் கீழே இறங்கிப் போய்விடும். தாமதித்தால் தரை காய்ந்து வெடித்துவிடும், மறுபடி நனைத்து முதலிலிருந்து மிதிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறது. சில வருஷம் அதுவும் அரை நாள்தான்.

அந்த நாள் எது என்று அக்கா சொல்வார். அக்காவைச் சேர்க்காமலே பத்துப் பேருக்கு ஒரே வாய்க்கால் என்பதால், யாருக்கு முதல் தண்ணீர் என்று எங்கள் அப்பாக்கள் காலத்தில் மண்டைகள் உடைந்திருக்கின்றன. அதன் பிறகு வந்த ஏற்பாடு இது. பாத்தி ஆகிவிட்டது என்று பாத்திக்காரன் வாயால் சொல்லக் கூடாது. அக்கா வந்து நடுவில் நின்று, வலது காலைத் தூக்கி ஒரே ஒரு தடவை ஓங்கி வைப்பார். கண்ணைச் சுருக்குவார். அதன் பிறகு "ஆச்சி, தண்ணி உடு" என்பார், இல்லாவிட்டால் "இன்னும் ஆவல" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவருக்கு முன்னால் அவருடைய மாமியார் பார்த்துச் சொன்னார். அந்தக் கிழவி நடக்க முடியாமல் ஓய்ந்த பிறகு இவர் பார்க்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து ஒரு வருஷமும் தப்பியதில்லை.

பாத்தியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. எதையும் மிதித்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், மற்றவர்கள் பையனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் வீடு முழுவதும் நடந்து தரையைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "தரையில ஈரம் நிக்கிது. எம்பொண்ணுக்கு மூச்சு வாங்கும், வேணாம்" என்று அந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்தார். கூனிமேட்டில் எங்களிடம் உப்பு வாங்கும் பாய் கடைக்கு மேல் மாடி கட்டியபோது, பச்சை கான்கிரீட்டில் கால் வைத்து ஒரு தடத்தைப் பதித்துவிட்டு வந்தார். அந்த பாய் கோபப்படவில்லை. தடத்தை அப்படியே விட்டுவிட்டார் என்று கேள்வி.

அந்த வலது முட்டிதான் முதலில் போனது. ஒரேயடியாகப் போகவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் கால் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. இடது முட்டி அதற்கு அடுத்தபடி. இரண்டாயிரத்து நான்காம் வருஷம் மிதி முடிந்தபோது அவரால் வரப்பு ஏற முடியவில்லை. மகள் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊழியரின் அம்மா என்பதால் அங்கேயே சலுகையில் முட்டியை மாற்றிவிடலாம், முதலில் வலது, அப்புறம் இடது என்று ஏற்பாடு செய்தது அந்தப் பெண்தான்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் இவருக்கு விளக்குவதற்காக மேசை மேலிருந்த செயற்கை முட்டியின் இரும்பு மாதிரியைக் கையில் கொடுத்திருக்கிறார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்து, மேலே ஏறி நின்றிருக்கிறார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். "மிதிச்சுப் பாத்தேன், தாங்கும். போடுங்க" என்றாராம் அக்கா. மகள் இதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் சொல்லாமல் விடவும் இல்லை.

தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, ஓங்கி மிதிக்கக் கூடாது, குதிக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அக்கா அந்தத் தாளைப் படிக்கவில்லை, படிக்கத் தெரியாது. டாக்டரிடம் வாயால் கேட்டுக்கொண்டு வந்தார். நடக்கலாமா என்று கேட்டார், தாராளமாக நடக்கலாம் என்றார் அவர். சேற்றில் நடக்கலாமா என்று கேட்டார். டாக்டர் தெருச் சேற்றை நினைத்துக்கொண்டு, வழுக்காமல் பார்த்து நடங்கள் என்றிருக்கிறார். அக்காவுக்கு அது போதும். மிதிக்குப் போகலாமா என்று அவர் கடைசிவரை கேட்கவே இல்லை.

அடுத்த ஆறு மாதம் அவரைப் பார்ப்பதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. நான்கு கால் வாக்கரைக் கொடுத்து வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது வாரம் அதைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு வந்துவிட்டார். மண்ணில் அதன் கால்கள் புதைந்தன. மறுநாள் நான்கு கால்களிலும் கொட்டாங்கச்சியைக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த வாக்கர் வரப்பு மேல் டொக்கு டொக்கென்று நடந்து வருவதைப் பார்த்து நான் சிரித்தேன். என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். இரண்டு வருஷத்துப் பேசாமை அன்றைக்குத்தான் முடிந்தது.

வாக்கரை விட்ட பிறகு படிப்படியாகப் போனார். முதலில் தார்ரோடு. அப்புறம் கடற்கரையில் ஈர மணல், அப்புறம் காய்ந்த மணல். நான்தான் மொபெட்டில் கூட்டிப் போனேன். பின்னால் உட்காரும்போது புதுக் காலை விறைப்பாக நீட்டிக்கொள்வார், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். நாற்று விட்டிருந்த வயல்காரர் ஒருவரிடம் கேட்டு, அவர் நிலத்துச் சேற்றில் தினம் பத்து நிமிஷம். பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போய்ப் படியேறி இறங்கினார். மகளிடம் வேண்டுதல் என்று சொல்லிவைத்திருந்தார். சாமியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மேலே போனதும் சன்னதியை விட்டுவிட்டு, ஏறிய படிகளைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதற்கு இவ்வளவு அவசரம் என்று ஒரு நாள் கேட்டேன். பாத்தி பார்க்கிற வேலையை நாங்களே பார்த்துக்கொள்ள மாட்டோமா என்றும் கேட்டேன். "வரப்பு மேல குடை புடிச்சிக்கினு நின்னு சொல்றதுக்கு நான் என்னா ஆபீசரா? உள்ள இறங்கினாத்தான் என் பேச்சுக்கு மரியாத. இறங்கலன்னா நாலு நாள்ல நீயே என்ன மதிக்க மாட்ட" என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்குள் ஏற்கெனவே அந்த நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வரவில்லையென்றால் வாய்க்கால் தலைப்பில் இருக்கிற எனக்குத்தான் முதல் தண்ணீர், யாரும் கேட்க முடியாது.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. கடலோரத்து மீனவர்கள், எக்கியார்குப்பத்து ஜனங்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் எங்கள் நஷ்டத்தைப் பேசக் கூடாது. வாய்க்கால் வழியாக ஏறிய தண்ணீர் எங்கள் பாத்திகளில் கறுப்பு வண்டலை விட்டுவிட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது எங்களுக்குப் பழக்கமில்லாத மண். எத்தனை நாள் மிதித்தால் இறுகும் என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் தண்ணீர்க் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நான் உள்பட பத்துப் பேரும் அக்கா வர வேண்டும் என்று நினைத்தோம்.

தை மாதத்தில் மிதி ஆரம்பித்த நாள் அவர் வந்தார். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார். முட்டியின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. தேங்காய் எண்ணெய் தடவி, அதற்கு மேல் வேட்டித் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார். வரிசையில் எப்போதும் அவர் நிற்கும் வலது ஓரத்தை விட்டுவைத்திருந்தார்கள். ஒரு பெண் கையை நீட்டினாள். அக்கா அதைப் பிடிக்கவில்லை. வலது காலைச் சேற்றில் வைத்தார்.

வைப்பது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம். களிமண் காலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அந்த இழுப்பு முழுவதும் முட்டியில் விழும். அவர் எடுத்தார். மறுபடி வைத்தார். வரிசை நகர்ந்தது. நான் என் பாத்தியில் மிதிப்பதை நிறுத்திவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது அடியில் ஒரு பக்கம் சாய்ந்து, தானே நிமிர்ந்துகொண்டார். பாத்தியின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி எங்களைப் பார்த்தபோது அவர் முகம் கல்யாண வீட்டு முகம். எனக்குக் கண் கலங்கியது. வரப்புத் தகராறெல்லாம் அந்த நிமிஷம் என் மனதில் இல்லை.

பதினோராம் நாள் என் பாத்தி ஆகிவிட்டதாக எனக்குத் தோன்றியது. வாய் திறந்து சொல்லக் கூடாதே. அக்காவைக் கூப்பிட்டேன். வந்து நடுவில் நின்றார், வலது காலை ஓங்கி வைத்தார், கண்ணைச் சுருக்கினார். "இன்னும் ஆவல."

சரி என்று மறுநாளும் மிதித்தோம். மறுபடி வந்து பார்த்தார். ஆகவில்லை. மூன்றாம் நாள் ஒரு தடவைக்கு நான்கு தடவை ஓங்கி மிதித்தார். குனிந்து காலைப் பார்த்தார். இன்னும் ஒரு நாள் போகட்டும் என்றார். அன்று மதியம் பாத்தியின் மூலையில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு விட்டது. சாயங்காலத்துக்குள் அது நடுப்பாத்திவரை ஓடி வந்துவிட்டது. பதின்மூன்று நாள் உழைப்பு போயிற்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் என் பேச்சைக் கேட்காது. பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். "உன் காலு ஆஸ்பத்திரிக் காலு அக்கா. அதுக்கு எங்க பாத்தி தெரியாது. நீ போய் வரப்புல நில்லு."

அவர் கால் கழுவாமல், சேற்றோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போகிறவரை யாரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவர் ஆறு மாதம் எதற்காகப் படியேறி இறங்கினாரோ அதை நான் ஒரு மூச்சில் பறித்துவிட்டேன் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து என் வெடித்த பாத்தியின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எல்லோரையும் வரச் சொல்லி, வந்த பிறகு பேசினார்.

"இத்தினி வருஷமா குதிகால்ல பாக்கறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இல்ல. முட்டியிலதான் பாத்திருக்கேன். தரை இறுகிச்சின்னா ஓங்கி வெக்கறப்ப முட்டியில சுரீர்னு ஏறும். ஏறுச்சின்னா ஆச்சின்னுடுவேன். இப்ப இரும்பு இருக்குது, ஏற மாட்டேங்குது. ஏறும் ஏறும்னு மூணு நாளா காத்துக்கினு இருந்தேன். இவன் பாத்தி அன்னிக்கே ஆயிடிச்சி. என் தப்பு."

யாரோ ஒருவர் கேட்டார், முட்டி நன்றாக இருந்த காலத்தில் எதில் பார்த்தாய் என்று. அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் எங்க பாத்தேன்? எம்மாமியா பாத்துச்சி. அதுவும் நொண்டிக்கினுதான் இருந்திச்சி" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. இரண்டு தலைமுறையாக நாங்கள் வித்தை என்று கும்பிட்டது முட்டி வலியை. சிரித்துக்கொண்டே பத்துப் பேரும் அவரவர் முட்டியை ஒரு தரம் மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். நானும் செய்தேன், எனக்கு ஒன்றுமே இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். அக்கா விடவில்லை. இடது கால் இன்னும் பழைய கால்தானே என்றார். அடுத்த பாத்திக்குப் போய் நடுவில் நின்று, புதுக் காலில் உடம்பைத் தாங்கிக்கொண்டு, இடது காலைத் தூக்கி ஓங்கி வைத்தார். முகம் ஒரு பக்கம் கோணியது. "ஆச்சி, தண்ணி உடு" என்றார். அது சரியாக இருந்தது. அதற்கடுத்ததும் சரி. நனைத்து மறுபடி மிதித்த என் பாத்தியும் சரி. பழக்கமில்லாத வண்டல் மண்ணில் பத்துப் பேர் பாத்தியையும் மூன்று வாரத்தில் ஒன்று தப்பாமல் சொல்லிவிட்டார். மிதிக்கிற வரிசையிலும் வலது ஓரத்தை விட்டு இடது ஓரத்துக்கு மாறிக்கொண்டார். அவர் பேச்சுக்குப் பழைய மரியாதை வந்துவிட்டது, ஒருபடி கூடவே வந்தது.

அந்த மூன்று வாரத்தில் இடது முட்டி வீங்கிப்போனது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு அவரவர் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் உப்பளத்துக்கே வந்தாள். அம்மாவிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்து நேராக என்னிடம் வந்தாள். ஆனி மாதத்தில் இடது காலையும் மாற்றிவிடலாம், டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அம்மாதான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்கும் என்றாள். நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல்ல மிதி முடியட்டும்மா என்றேன்.

"மிதி முடிஞ்சா அடுத்த மிதி வரும் மாமா" என்றாள் அவள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அக்காவை எப்போதும் கரித்துக்கொட்டுகிற என் மனைவி, தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "அந்தம்மா நொண்டி நொண்டி மிதிக்கிறத பத்து ஆம்பளைங்களும் வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்களே" என்றாள். பத்தில் மூன்று பேர் பெண்கள் என்று நான் திருத்தவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் மொபெட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து இடது முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன், அந்தக் காலையும் பண்ணிக்கொள் அக்கா என்று. அவர் துணி மூட்டையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் உன் பாத்தியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்.   அவர் தன் மரியாதையை விட மாட்டார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

"பத்துப் பேருக்கும் என் முட்டி வேணும். எனக்குத்தான் வேணாம்பா" என்றார் அக்கா. "வலி பாத்து வலி பாத்து சொல்றதுக்கு ஒரு மரியாத. அது இன்னும் எத்தினி வருஷத்துக்கு? எனக்கு மிதிக்கத்தான் புடிக்கும். வலியில்லாம மிதிச்சி எத்தினி நாளாச்சி தெரியுமா? பொண்ணுகிட்ட சொல்லிடு, ஆனியில வர்றேன்னு. நானே சொன்னா அது அழும்."

மொபெட்டை அங்கேயே மறந்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த தைக்கு என் பாத்தி என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனியில் ஆபரேஷன் முடிந்தது. இந்தத் தடவை வாக்கரும் கொட்டாங்கச்சியும் மூன்று வாரம்கூடத் தேவைப்படவில்லை. அந்த வருஷம் அடித்த மழையில் வரப்புகள் கரைந்து, எங்கள் இரண்டு பேர் பாத்திக்கும் நடுவில் வரப்பு எங்கே இருந்தது என்றே தெரியாமல் போயிற்று. புது வரப்பை அவர் போட்ட இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன். ஒரு சாண் என் பக்கம்தான் வந்திருந்தது.

இரண்டாயிரத்து ஆறு, தை. மழை குடித்த தரை இறுகுவேனா என்றது. பன்னிரண்டாம் நாளில் ஒருவர் தானாகவே தண்ணீர் விட்டுக்கொண்டார், மறுநாள் காலை பாத்தியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்னொருவர் தன் பாத்திதான் முதல் என்று மடையில் மண்வெட்டியோடு நின்றார். வாய்ச்சண்டை பெரிதாகி ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என் பாத்தியை நானே நாலு தடவை ஓங்கி மிதித்தேன், களிமண் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, அக்கா மிதித்துக்கொண்டிருந்த பாத்தியின் வரப்பில் போய் நின்றேன். வரிசையின் நடுவில் இருந்தார். இப்போது அவருக்கு வலது ஓரமும் இல்லை இடது ஓரமும் இல்லை.

பழக்கத்துக்காவது ஒரு தடவை வந்து பாரு அக்கா என்று கூப்பிட்டேன். அவர் வரிசையை நிறுத்தச் சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் வரப்பேறி இறங்கி வந்தார். பத்துப் பேரும் சண்டையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். என் பாத்தியின் நடுவில் நின்றார். வலது காலைத் தூக்கி ஓங்கி வைத்தார். இடது காலைத் தூக்கி ஓங்கி வைத்தார். கண்ணைச் சுருக்கவில்லை. மறுபடி வலது, மறுபடி இடது. எங்கள் பத்து ஜோடிக் கண்ணும் அவர் முகத்தில் இருந்தது.

"எனக்கு எங்கயும் வலிக்கலப்பா" என்றார். "நீ தண்ணி உட்டாலும் உடு, உடாட்டியும் போ."

சொல்லிவிட்டு, வந்த வழியில் திரும்பவில்லை. பாத்தியின் மறுமுனையைப் பார்த்து நடந்தார். ஒரு தடத்தின் மேல் பாதித் தடம் விழுகிற மிதி இல்லை அது. ஐம்பத்தெட்டு வயதில், டாக்டர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த அத்தனையையும் செய்துகொண்டு, இரண்டு காலையும் மாற்றி மாற்றி உயரத் தூக்கி, தொம் தொம்மென்று வைத்துக்கொண்டு போனார். நான் பன்னிரண்டு நாள் மட்டப்படுத்திய தரை முழுவதும் குண்டும் குழியுமாகிக்கொண்டிருந்தது. நிறுத்து அக்கா என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். கத்தியவரை நான் வாயை மூடச் சொன்னேன்.